கை வேண்டும், ஆள் வேண்டாமாம்!

ஐக்கிய அமெரிக்க நாட்டிலே தேர்தற் காலம் வந்துவிட்டால் மெக்சிக்கரின் பெயர் மேடைதோறும் அடிபடத் தொடங்கிவிடும். அவர்கள் வேலையைப் பறிக்கிறார்கள், கூலியைக் கெடுக்கிறார்கள், பாடசாலைகளை நிரப்புகிறார்கள், ஆங்கிலத்தின் தலைமேல் ஸ்பானிய மொழியை ஏற்றிவைக்கப் பார்க்கிறார்கள் என்பன குற்றப்பத்திரத்தின் வாசகங்கள். 2015ஆம் ஆண்டு யூன் மாதத்திலே டொனால்ட் டிரம்ப் தமது ஜனாதிபதித் தேர்தற் பிரசாரத்தைத் தொடங்கிய அன்றே, மெக்சிக்கோவிலிருந்து வருவோரைக் குற்றவாளிகள் என்றும் பெண்களைக் கெடுப்போர் என்றும் தூற்றினார். அப்பேச்சு அவரை வீழ்த்தவில்லை; ஏற்றிவிட்டது. எதிர்ப்புறத்தில் நிற்போரோ, அவர்கள் ஏழைகள், பிழைக்க வந்தவர்கள், இரக்கங் காட்டுங்கள் என்று மன்றாடுகிறார்கள்.

இவ்விரு சாராரும் பேசாது விட்டதையே நாம் பேச விரும்புகிறோம். வந்தவர்களால் நாட்டுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறார்கள். வந்தவர்களைச் சட்டத்தினால் எந்த நிலையில் வைத்தார்கள், யாருடைய இலாபத்துக்காக வைத்தார்கள் என்று கேட்பார் அரியர். வந்தேறியால் கூலி குறைகிறது என்பது அரை உண்மை. வந்தவனை உரிமையற்றவனாக வைத்திருப்பதனாற் கூலி குறைகிறது என்பதே மறைக்கப்படும் மற்றைய பாதி. ஆசிரியரும் வைத்தியரும் சட்டத்தரணியும் கமக்காரருமாகிய எமது வாசகர், இது கடல் கடந்த தேசத்துக் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எம்மைத் தொடும் இடமும் இதில் உண்டு.

பழைய கணக்கொன்றை முதலிற் சொல்லிவிடுவோம். 1846ஆம் ஆண்டிலே அமெரிக்கா மெக்சிக்கோவின்மேற் போர் தொடுத்தது. 1848 பெப்ரவரி 2ஆம் நாள் குவாடலூப்பே இடால்கோவில் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி கலிபோர்ணியா, நெவாடா, யூட்டா ஆகியனவும், அரிசோனா, நியூ மெக்சிக்கோ என்பவற்றின் பெரும்பகுதியும் 150 இலட்சம் டொலருக்குக் கைமாறின. ரெக்சாஸ் 1845இலேயே போய்விட்டது. மெக்சிக்கோ தன் நிலத்திற் பாதிக்கு மேல் இழந்தது. அந்நிலத்தில் வாழ்ந்த மெக்சிக்கர் எந்த எல்லையையும் தாண்டவில்லை. எல்லைதான் அவர்களைத் தாண்டிச் சென்றது என்று அவர் வழிவந்தோர் சொல்வது வெறும் சொல்லலங்காரமன்று. ஆயினும் பழைய போரைக் காட்டி இன்றைய வழக்கை வெல்வது எமது நோக்கமன்று. இன்றைய வழக்கு வேறு. அது கூலியைப் பற்றியது.

1917ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் குடிவரவோருக்கு எழுத்தறிவுப் பரீட்சையும் எட்டு டொலர் தலைவரியும் விதித்தது. சட்டத்தின் மை காயுமுன்னரே தென்மேற்கின் பண்ணை முதலாளிகள் கூக்குரலிட்டனர். மெக்சிக்கத் தொழிலாளருக்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. 1924இல் இத்தாலியரையும் யூதரையும் தடுப்பதற்காக நாட்டுவாரியாக எண்ணிக்கையை வரையறுத்தனர். ஆசியர்க்குக் கதவை அறவே அடைத்தனர். மெக்சிக்கோவுக்கு வரையறை இல்லை. பருத்தியும் பீற்றூட்டும் பறிக்க வேறு யார் வருவார்? ஆனால் அதே ஆண்டு எல்லைக் காவற்படையையும் அமைத்துக்கொண்டனர். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கையிற் கோலும் எடுத்துக்கொண்டனர் என்க.

கோலை ஓங்கும் காலம் விரைவில் வந்தது. 1930ஆம் ஆண்டையடுத்த பெரு மந்தத்திலே வேலையில்லாத் திண்டாட்டம் மூண்டபொழுது, பழி மெக்சிக்கர் தலையில் விழுந்தது. 1931 பெப்ரவரி 26ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பழைய சதுக்கத்தை அதிகாரிகள் சூழ்ந்து, அங்கிருந்த நானூறு பேரளவிலானோரை மறித்து விசாரித்தனர். அவ்வாண்டு முதல் புகைவண்டிகளில் ஏற்றி அனுப்பும் படலம் நடந்தது. எத்தனை பேர் போயினர் என்பதில் ஆராய்ச்சியாளர் ஒத்துப்போவதில்லை. பல இலட்சம் என்பதில் ஐயமில்லை. அவருட் பெருந்தொகையினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த பிரசைகள். பலர் பள்ளிச் சிறுவர்கள். தன் பிரசையையே அந்நியன் என்று நாடு கடத்திய இச்செயலுக்குக் கலிபோர்ணியா மாநிலம் சட்டமூலம் மன்னிப்புக் கேட்டது 2005ஆம் ஆண்டிலே! எழுபது ஆண்டுகளுக்கு மேற் சென்ற பின்னர்.

போன புகைவண்டியின் சத்தம் ஓய்ந்து சில ஆண்டுகளுக்குள் உலகப் போர் வந்தது. அமெரிக்க வாலிபர் போர்முனைக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்கும் போயினர். வயல்கள் ஆளின்றிக் கிடந்தன. 1942 ஓகஸ்ட் மாதம் அதே மெக்சிக்கோவுடன் அமெரிக்கா ஒப்பந்தஞ் செய்தது. அதே மக்களைக் கூப்பிட்டது. வந்தவர்களுக்கு வழங்கிய பெயர் 'பிரசேரோ'. கையால் உழைப்பவன் என்பது அந்த ஸ்பானியச் சொல்லின் பொருள். பெயரிலேயே கை மாத்திரம் இருக்கிறது. தலையும் இல்லை, நெஞ்சும் இல்லை, பெண்டு பிள்ளைகளும் இல்லை. 1942 முதல் 1964 வரை 46 இலட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன.

அந்தக் கைகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? சேர்ப்பு நிலையங்களிலே அதிகாரிகள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்கள். காய்ப்பு ஏறிய கையென்றால் உள்ளே. மென்மையான கையென்றால் வெளியே. மாட்டுச் சந்தையிற் பல்லைப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் எமது கமக்காரருக்குத் தெரிந்ததுதானே. பின்னர் ஆடை களைந்து நிறுத்தி டீ.டீ.ரீ. மருந்தைத் தூவினார்கள். தொடக்க ஆண்டுகளில் வந்தோரின் கூலியிற் பத்திலொன்றைச் சேமிப்பு என்று பிடித்து வைத்தனர். ஊர் திரும்பியபின் அப்பணத்தைக் கண்ணாற் காணாதவர் பலர். இரண்டாயிரமாம் ஆண்டுகளிலே நரைத்த கிழவர்களாய் அதற்காக வழக்காடினர்.

கலிபோர்ணியாவின் சலாதுக் கீரைத் தோட்டங்களிற் கொடுத்த களைகொத்தியின் பிடி ஒரு முழம்கூடச் சரியாக இராது. விடிந்தது முதல் பொழுதுபடும்வரை இடுப்பை இரண்டாக மடித்துக்கொண்டே கொத்த வேண்டும். நீண்ட பிடி இளம்பயிரைக் கெடுத்துவிடும் என்பது பண்ணையாரின் நியாயம். நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யாதவன் என்று மேற்பார்வையாளன் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம் என்பது சொல்லாத நியாயம். 1975இல் அக்கருவியை அம்மாநிலம் தடை செய்தது. நீண்ட பிடி வந்ததனாற் கலிபோர்ணியாவிற் கீரை விளையாமற் போகவில்லை. வெங்காயப் பாத்தியிலே ஒரு பகற்பொழுது குனிந்து நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் வந்தவர்க்காவது பெயரளவில் உரிமைகள் இருந்தன. அந்தப் பெயரளவு உரிமையையும் பொறுக்காத பண்ணையார், ஒப்பந்தமின்றி ஆற்றைக் கடந்து வந்தவனை அதிலும் மலிவாகக் கண்டனர். அவனுக்கு அமெரிக்க மேன்மக்கள் சூட்டிய பெயர் 'ஈர முதுகன்'. றியோ கிராண்டே ஆற்றை நீந்தி வந்ததனால் முதுகு நனைந்தவனாம்! 'கள்ளத்தோணி' என்ற சொல்லை அறிந்த இலங்கைத் தமிழருக்கு அச்சொல்லின் வன்மத்தை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமா? 1949ஆம் ஆண்டளவில் ஒரு விந்தை நடந்தது. இப்படி வந்தவர்களை அதிகாரிகள் எல்லைக்குக் கொண்டுபோய், கோட்டுக்கு அப்பால் ஓர் அடி வைக்கச் செய்து, உடனே திருப்பி அழைத்து, ஒப்பந்தத் தொழிலாளியாகப் பதிந்து அதே பண்ணையாரிடம் ஒப்படைத்தனர். ஈரத்தை உலர்த்துதல் என்று அதற்குப் பெயரும் வைத்தனர். ஓர் அடியிலே குற்றவாளி உத்தமனானான்!

இவற்றிலெல்லாம் கொடியது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு வாசகம். அனுமதியின்றி வந்தவனுக்குப் புகலிடம் அளிப்பது பெருங்குற்றம் என்று அச்சட்டம் விதித்தது. ஆனால் அவனுக்கு வேலை கொடுப்பது புகலிடம் அளித்தல் ஆகாது என்று ஒரு விலக்கையும் சேர்த்தது. ரெக்சாஸ் பண்ணையாரின் செல்வாக்கால் நுழைந்தமையின் அது 'ரெக்சாஸ் விலக்கு' என்றே பெயர் பெற்றது. பசித்தவனுக்குச் சோறும் படுக்கப் பாயும் கொடுத்த ஏழை குற்றவாளி. அவனை ஆறு மாதம் வேலை வாங்கிய சீமான் நிரபராதி. முப்பத்து நான்கு ஆண்டுகள் இவ்வாசகம் நின்றது. இரண்டே ஆண்டுகளில், 1954இல், அந்த இழிபெயரையே சூட்டி ஒரு படையெடுப்பு நடத்தினர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்றியதாகக் குடிவரவுத் திணைக்களம் மார்தட்டியது. அத்தொகையை வரலாற்றாசிரியர் பலர் நம்புவதில்லை. நம்ப வேண்டியது இன்னொரு கணக்கு: 1956ஆம் ஆண்டில் மாத்திரம் எழுதப்பட்ட பிரசேரோ ஒப்பந்தங்கள் நான்கு இலட்சத்துக்கு மேல். ஒரு வாயிலால் விரட்டினர். மறு வாயிலால் அழைத்தனர்.

1964 முடிவிலே பிரசேரோ முறை நின்றது. 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், இனபேதத்தை ஒழித்த சட்டம் என்று புகழப்படுவது, மேற்குக் கோளத்து நாடுகளுக்கும் முதன்முறையாக எண்ணிக்கை வரையறை விதித்தது. 1976இல் ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 20,000 என்றாயிற்று. நேற்றுவரை இலட்சக்கணக்கில் வந்துபோன மெக்சிக்கோவுக்கும் அதே இருபதினாயிரந்தான். வேலை குறைந்ததா? இல்லை. வருவோர் நின்றனரா? இல்லை. அதே ஊரிலிருந்து அதே ஆள் அதே பண்ணைக்கு வந்தான். மாறியது கடதாசி மாத்திரம். சட்டவிரோதக் குடியேற்றம் என்ற பெரும் பூதம் பிறந்த கதை இதுவே.

இனிக் கூலிக்கு வருவோம். வந்தவர்களாற் கூலியில் எள்ளளவும் பாதிப்பில்லை என்று சாதிக்கும் கனவான்களோடு நாம் சேரோம். அவர்களிற் பெரும்பாலார் தமது கூலியிற் கைவைக்கப்படாதவர்கள். பொருளியலறிஞர் டேவிட் கார்ட், 1980இல் கியூபாவிலிருந்து 125,000 பேரளவில் வந்திறங்கிய மையாமி நகரை ஆராய்ந்து, அங்கே கூலி வீழவில்லை என்றார். தாமே கியூபாவிற் பிறந்தவரான ஜோர்ஜ் போர்ஹாஸ், கல்வி குறைந்த தொழிலாளர் நட்டமடைந்தனர் என்று மறுத்தார். 2016இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட பேரறிக்கை, நீண்ட காலத்திற் பொதுவாகப் பாதிப்பு மிகச் சிறிது என்றும், பாதிப்பு உள்ள இடத்தில் அதைச் சுமப்போர் முன்னர் வந்த குடியேறிகளும் உயர்பள்ளி முடிக்காதோருமே என்றும் கண்டது. ஆக, அடிமட்டத்தில் நிற்பவனின் அச்சம் முழுப்பொய் அன்று. 1965இல் டெலானோ திராட்சைத் தோட்டங்களிலே பிலிப்பினோத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்திற் சேர்ந்து பெயர் பெற்ற சேசர் சாவெஸ், தாமும் மெக்சிக்கக் குடும்பத்தவரே. அவரது சங்கமே 1974இல் வேலைநிறுத்தத்தை முறிக்க வந்த அனுமதியற்றோரை அரசுக்குக் காட்டிக் கொடுத்தது. அதை நாம் மூடி மறைக்கவில்லை.

ஆனால் ஆளைத் துரத்தினாற் கூலி உயருமா? அதற்குப் பரீட்சை நடந்துவிட்டது. பிரசேரோக்களை நிறுத்தினால் உள்நாட்டுத் தொழிலாளி கூலி உயரும் என்றே 1964இற் சொன்னார்கள். மைக்கேல் கிளெமென்ஸ் முதலிய மூவர் அக்காலத்துக் கணக்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு: உயரவில்லை. பண்ணையார் தக்காளி பறிக்கும் இயந்திரத்தை வாங்கினார். இயந்திரம் இல்லாத பயிரைக் குறைத்துக்கொண்டார். கூலியை உயர்த்தியது டெலானோவின் சங்கந்தான். ஐந்தாண்டுப் போராட்டத்தின்பின் 1970இற் பண்ணையார் ஒப்பமிட்டனர். அந்தச் சங்க உரிமையையோ, 1935ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலுறவுச் சட்டம் பண்ணைத் தொழிலாளருக்கு வேண்டுமென்றே மறுத்திருந்தது.

அனுமதிப் பத்திரம் இல்லாதவனின் நிலை இதனிலும் கீழ். 2002இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. தொழிற்சாலையொன்றிலே சங்கம் அமைக்க முயன்றமைக்காக ஒரு மெக்சிக்கத் தொழிலாளி நீக்கப்பட்டார். நீக்கியது சட்டவிரோதம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவரிடம் வேலை அனுமதி இல்லாமையால் இழந்த கூலியைக் கோர முடியாது என ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் நீதிமன்றம் தீர்த்தது. இதன் பொருள் என்ன? சட்டத்தை மீறிய முதலாளிக்குத் தண்டப்பணம் இல்லை; மீறப்பட்டவனுக்கு ஈடும் இல்லை. இனி எந்த முதலாளி பத்திரம் உள்ளவனை விரும்பிச் சேர்ப்பான்? பக்கத்தில் நிற்கும் அமெரிக்கத் தொழிலாளியின் கூலியைக் குறைப்பது மெக்சிக்கரின் தோல் நிறமோ மொழியோ அன்று. வாய் திறந்தால் நாடு கடத்தப்படுவோம் என்ற அந்த அச்சமே. அதை நீக்கினால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுண்டு. ரீகன் ஜனாதிபதியாயிருந்த 1986இல் 27 இலட்சம் பேருக்குச் சட்டபூர்வ நிலை அளிக்கப்பட்டது. அவர்களுடைய கூலி அதன்பின் உயர்ந்ததென ஆய்வாளர் கண்டனர்.

துரத்துவோம் என்று சட்டம் இயற்றிப் பார்த்த மாநிலங்களின் அனுபவம் எமது கமக்காரர் கேட்கத்தக்கது. 2011இல் அலபாமாவும் ஜோர்ஜியாவும் கடுஞ்சட்டங்களைக் கொணர்ந்தன. தொழிலாளர் இரவோடிரவாகக் குடும்பத்தோடு வெளியேறினர். அலபாமாவிலே பழுத்த தக்காளி கொடியிலேயே அழுகியது. ஜோர்ஜியாவின் ஆளுநர், நன்னடத்தைக் காவலில் உள்ள குற்றவாளிகளை வயலுக்கு அனுப்பலாம் என்றார். அனுப்பப்பட்டவர்களிற் பலர் நடுப்பகல் வெயிலுக்கு முன்னரே நடையைக் கட்டினர். 2020இல் கொள்ளைநோய் பரவியபொழுது, பண்ணைத் தொழிலாளர் இன்றியமையாதோர் எனப்பட்டனர். பத்திரம் இல்லாதவனும் தன் சட்டைப்பையில் 'இன்றியமையாதவன்' என்ற கடிதத்தோடு வயலுக்குப் போனான். நிவாரணப் பணம் பங்கிட்ட வேளையில் அவன் பெயர் பட்டியலில் இல்லை. 2025 யூன் மாதத்திலே பண்ணைகளிலும் விடுதிகளிலும் தேடுதலை நிறுத்துமாறு டிரம்ப் ஆட்சி பணித்து, சில நாட்களுக்குள் அப்பணிப்பை மீளப் பெற்றது. அந்தச் சில நாட்களுக்குள் கதை முழுவதும் அடங்கிவிட்டது!

வரிப்பணத்தைத் தின்கிறார்கள் என்பதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அனுமதியற்றோர் தாம் ஒருபோதும் பெறமுடியாத ஓய்வூதிய நிதிக்கு 2010ஆம் ஆண்டில் மட்டும் பெற்றதற்கு மேலாகக் கட்டியது 1,200 கோடி டொலரளவு என்று அந்நிதியின் தலைமைக் கணக்கரே மதிப்பிட்டார். பாடசாலைச் செலவு உள்ளூர் ஆட்சிகளை அழுத்துவது மெய். படித்து வெளிவந்த பிள்ளைகள் வரியாகத் திருப்பிக் கட்டுகிறார்கள் என்பதும் 2016ஆம் ஆண்டு அறிக்கை கண்ட மெய்யே.

மொழிக் குற்றச்சாட்டுக்கு வேறு சுவை உண்டு. 2004இல் சாமுவேல் ஹன்டிங்டன் என்ற பேராசிரியர், ஸ்பானிய மொழியாளரால் அமெரிக்கா இரு மொழி, இரு மக்கள் என்று பிளவுபடும் என அஞ்சி ஒரு நூலே எழுதினார். கலிபோர்ணியாவின் 1849ஆம் ஆண்டு அரசியற் சட்டம் எல்லாச் சட்டங்களையும் ஸ்பானிய மொழியிலும் வெளியிட வேண்டும் என்று விதித்திருந்ததை அவர் போன்றோர் நினைவூட்டுவதில்லை. 1879இல் அவ்வுரிமை பறிக்கப்பட்டது. 1998இல் இருமொழிக் கல்விக்கும் கலிபோர்ணியா வாக்காளர் தடை போட்டு, 2016இல் தாமே நீக்கினர். 2025 மார்ச்சு 1ஆம் நாள் ஆங்கிலமே உத்தியோக மொழி என்று டிரம்ப் ஆணை பிறப்பித்தார். இத்தனைக்கும், வந்தவரின் பேரப்பிள்ளைகளிற் பெரும்பாலார் ஆங்கிலத்திலேயே வாழ்கிறார்கள். பாட்டியோடு பேசச் சொற் கிடையாமற் தடுமாறுகிறார்கள். 1956ஆம் ஆண்டைக் கண்ட எமக்கு, பெரும்பான்மையின் மொழி அபாயத்தில் இருக்கிறது என்ற கூக்குரல் புதிதன்று.

அவர்கள் ஏன் ஊரை விட்டு வருகிறார்கள் என்ற கேள்வியும் உண்டு. 1994 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கையின்பின், அரச உதவிபெற்ற அமெரிக்கச் சோளம் மெக்சிக்கோவிற் குவிந்தது. சோளத்தையே உணவாகவும் தெய்வமாகவும் கொண்ட சிறு கமக்காரன் சந்தையில் நிற்கமுடியாது போயிற்று. 1977இன் திறந்த பொருளாதாரம் வந்தபின் யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு இது விளங்கும். சோளம் கடவுச்சீட்டின்றி எல்லையைக் கடந்தது; அதனால் நிலமிழந்தவன் கடந்தாற் குற்றம். அதே 1994இற் கலிபோர்ணிய எல்லையிலே பெருங் காவல் போட்டனர். வழி பாலைவனத்துக்குத் திரும்பியது. 1998 முதல் 2017 வரை அவ்வெல்லையில் மாண்டோர் 7,000க்கு மேல் என்பது எல்லைக் காவற்படையின் சொந்தக் கணக்கு. முன்னர் அறுவடைக்கு வந்து வீடு திரும்பியவனும், திரும்பினால் மீள வரமுடியாதென்று அஞ்சி அங்கேயே தங்கினான். அவனைத் தங்கவைத்தது வேலிதான்.

இனி எம் வீட்டு வாசலுக்கு வருவோம். பிரசேரோ முறை மூடப்பட்ட அதே 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒரு கடதாசியில் ஒப்பமிட்டு, 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தனர். எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என விட்டு, 1974இற் பாதிபாதியாக்கினர். தேயிலைக்கு அவர்கள் கை வேண்டியிருந்தது. 1948இற் பிரசாவுரிமைச் சட்டம் இயற்றியவர்க்கு அந்தக் கைக்குரியவன் வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டுகளிலே தமிழ் உறுப்பினருட் சிலரும் அரசுக்குத் துணைநின்றதை மறப்பதற்கில்லை. 1977இன் வன்செயலுக்குத் தப்பி வன்னிக்கு வந்த தோட்டத் தொழிலாளக் குடும்பங்கள் எமது கமங்களிலே களை பிடுங்கின, மிளகாய் ஆய்ந்தன. அவர்களுக்கு என்ன கூலி கொடுத்தோம்? எந்தப் பெயரால் அழைத்தோம்? எத்தனை பேருக்குக் காணியுறுதி கிடைக்க நாம் வாய் திறந்தோம்? கலிபோர்ணியப் பண்ணையாரை ஏசும் உரிமை எமக்கு இலவசமாகக் கிடைப்பதன்று.

மற்றொரு தொடர்பும் உண்டு. 2017இல் இலங்கைத் தமிழர் ஒருவர் மெக்சிக்கோ வழியாக எல்லையைக் கடந்து, 25 யார் தூரத்துக்குள் பிடிபட்டுப் புகலிடம் கோரினார். விரைந்து நாடு கடத்தும் தீர்மானத்தை நீதிமன்றத்தின் முன் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என 2020 யூன் 25ஆம் நாள் அமெரிக்க உயர் நீதிமன்றம் எழுவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்த்தது. மெக்சிக்கனுக்கும் ஹொண்டூராஸ்காரனுக்கும் எதிராக இன்று எடுத்துக் காட்டப்படும் அத்தீர்ப்பு ஒரு தமிழன் வழக்கிற் பிறந்தது.

செய்யத்தக்கது என்ன? அமெரிக்கர் புதிய தத்துவம் ஒன்றையும் தேட வேண்டியதில்லை. அவர்களது சட்டப் புத்தகத்திலேயே மருந்து கிடக்கிறது. அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாக்கிய அதே 1929ஆம் ஆண்டிலே, நெடுங்காலம் வாழ்ந்துவிட்டவர்களைப் பதிந்து நிரந்தர வதிவுரிமை அளிக்கும் சட்டமும் இயற்றினர். 1921 யூன் 3ஆம் நாளுக்கு முன் வந்தோர்க்கென அன்று அது தொடங்கியது. முதற் பத்தாண்டில் அதனாற் பயனடைந்தோரிற் பெரும்பாலார் ஐரோப்பியரும் கனடியருமே. பின்னர் காங்கிரஸ் அத்திகதியை முறைமுறையாக முன்தள்ளி வந்து, 1986இல் 1972 சனவரி 1 என்று நிறுத்தியது. ஐரோப்பியனுக்காக நகர்ந்த திகதி மெக்சிக்கனின் முறை வந்ததும் நின்றுவிட்டது. அதனை இன்னொரு முறை நகர்த்தச் சட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினாற் போதும். தன் வாக்காளரின் கூலியைக் காக்கவே பேசுவதாகச் சொல்லும் ஒவ்வோர் அமெரிக்க அரசியல்வாதியையும் நாம் கேட்பது ஒன்றே: அந்த எண்ணை மாற்ற உமது கை உயருமா?